கயித்தோட மறுமுனையில

இல்லக்கா, வெளையாட்டுக்குச் சொல்லல. எங்க வீட்டுக்காரவிய பேரே அதுதான். கடற்கரை. ஆதார் கார்டுலயும் அப்படித்தான் இருக்கு. எங்க மாமனாரு திருச்செந்தூருக்கு நேந்துக்கிட்டு வச்ச பேரு. கடலப் பாத்து பேரு வச்ச பிள்ள மலையில போயி வேல பாக்காவ, பாத்தியளா. கோர்ஸுக்கு வாரவங்க எல்லாரும் மொதநாளு இத வச்சுத்தான் சிரிக்க ஆரம்பிப்பாங்க. சார், கடற்கரைய நம்பி மலை ஏறலாமான்னு கேப்பாங்க. அவிய அசரவே மாட்டாவ. வழுக்கி விழுந்தா மணல்ல விழுந்த மாதிரி நெனச்சுக்கிடுங்கன்னுவாவ.

நல்லா ஒக்காருங்க, இந்தப் பக்கம் தள்ளி. கொல்லம் போற பஸ்ஸு எப்பவும் இப்படித்தான். செங்கோட்டை தாண்டுத வரைக்கும் நெருக்கிக்கிட்டுத்தான் போகணும், பொறவு காத்தாட வந்துரும். நீங்க தென்மலையா? அக்கா வீட்டுக்கா? சரி சரி. நான் புளியறைக்கு முன்னாலயே எறங்கிருவேன். என் பேரு இசக்கிசெல்வி.

என்ன கோர்ஸா? அதத்தான சொல்ல வந்தேன். மலை ஏறச் சொல்லிக்குடுக்காவக்கா. அட, நெசமா. நம்மூரு ஆளுக மாட்டத் தேடிக்கிட்டு ஏறுன மலைய, இப்ப பெங்களூருலருந்து வேன் புடிச்சு வந்து ஏறுதாங்க. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்க, டாக்டருங்க, புதுசாக் கல்யாணம் ஆன ஜோடிங்க. காட்டுக்குள்ள நடக்கணும்னு வாரவங்கள வனத்துறைகிட்ட அனுமதி வாங்கி, அவங்க விட்ட பாதையில கூட்டிட்டுப் போவாவ. பாறை ஏறணும்னு வாரவங்களுக்கு எடம் தனி. தென்னந்தோப்பு ஒண்ணு குத்தகைக்கு எடுத்திருக்காவ, அதுக்குப் பொறத்தால ஒரு பாறை நிக்கும் பாருங்க, செவுரு கணக்கா. நானெல்லாம் அத அண்ணாந்து பாத்தாலே கழுத்து வலிக்கும். அங்கனதான் பள்ளிக்கூடம். கூரை கெடையாது, பெஞ்சு கெடையாது. இடுப்புல பெல்ட்டு, தலையில தொப்பி, கயிறு. அம்புட்டுதான்.

எப்படி இந்த வேலைக்கு வந்தாவளா? அது ஒரு கோட்டி புடிச்ச, கிறுக்குத்தனமான கதை. ஷார்ஜாவுல இருந்தாவக்கா. அங்கன பெரிய பெரிய கண்ணாடிக் கட்டடம் இருக்குல்லா, அதுல கயித்துல தொங்கிக்கிட்டே கண்ணாடி தொடைக்கிற வேல. கடையநல்லூருக்காரன் ஒருத்தன், முஃபீதுன்னு பேரு, ஒரே ரூம்பு, ஒரே வேல. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல தொங்குவாங்களாம். சாப்பாட்டு நேரத்துல மேல இருந்தே எனக்கு வீடியோ கால் போடுவாவ. நான் எடுக்கவே மாட்டேன். மூஞ்சிக்குப் பின்னால வெறும் வானமாத் தெரியும், காலு எங்கன நிக்குன்னே தெரியாது. கீழ எறங்கிக் கூப்பிடுங்கன்னு கட் பண்ணிருவேன்.

ஒருநா அப்படித் தொங்கிக்கிட்டு இருக்கையில முஃபீது சும்மாக் கேட்டிருக்கான். அண்ணாச்சி, ஊரான் கண்ணாடியத் தொடைக்க இம்புட்டு தூரம் வந்து தொங்குதோமே, நம்ம ஊர்ல பாறைக்கா பஞ்சம்னு. அவன் சொல்லிட்டு மறந்துட்டான். இவியளுக்கு அது மண்டையில போயி ஒக்காந்துட்டு. அவனையும் இழுத்துக்கிட்டு ஊருக்கு வந்தாவ, வந்த சூட்டோட ரெண்டு பேருமா இமயமலைப் பக்கம் போயி, பனிக்குள்ள கெடந்து படிச்சு, பாஸ் பண்ணி, மூஞ்சியெல்லாம் தோலு உரிஞ்சு கருவாடு கணக்கா வந்து நின்னாவ. நான் அடையாளம் தெரியாம யாரு வேணும்னு கேட்டுட்டேன். சிரிக்கியளே, சத்தியமாக் கேட்டேன்க்கா.

பொறவு ரெண்டு பேருக்கும் அந்த வேலைதான். நல்லாச் சொல்லிக்குடுப்பாவ, அத நான் சொல்லக்கூடாது, ஆனா ஊரே சொல்லுது. கத்தவே மாட்டாவ. பாறையில பாதி ஏறிட்டு ஒருத்தி மேலயும் போகமாட்டேன் கீழயும் வரமாட்டேன்னு பல்லி கணக்கா ஒட்டிக்கிட்டு அழுவா. இவிய கீழ நின்னுக்கிட்டு, ஒங்க ஊர்ல இட்லிக்கு என்ன சட்னி வப்பாங்கன்னு கேப்பாவ. அவ அழுதுக்கிட்டே தக்காளிம்பா. வெங்காயம் போடுவாங்களா மாட்டாங்களாம்பாவ. அந்தச் சட்னி அரைச்சு முடியறதுக்குள்ள அவ உச்சிக்குப் போயிருப்பா.

அந்தக் கயித்து வேலையக் கொஞ்சம் சொன்னாத்தான் ஒங்களுக்கு மிச்சம் புரியும். பாறை உச்சியில ஒரு வளையம் அடிச்சிருப்பாங்க. கயிறு அது வழியாப் போயி திரும்பி கீழ வரும், கெணத்து வாளி கணக்கா. ஒரு முனை ஏறுதவங்க இடுப்புல. மறுமுனை கீழ நிக்கிறவங்க கையில. மேல இருக்கிறவ கை நழுவுனாலும் கீழ நிக்கிறவ கயித்த இறுக்கிட்டா அந்தரத்துல அப்படியே நின்னுருவா. எறங்கும்போதும் அவுங்கதான் பைய பைய விட்டு எறக்கணும். அதனால மொதப் பாடமே, கீழ நிக்கிறவன் கை கயித்த விடப்படாது. மூக்கு அரிச்சாலும் விடப்படாது, போன் அடிச்சாலும் விடப்படாது. இத எங்க மக மனப்பாடமா ஒப்பிப்பா. வீட்டுல அம்புட்டு தடவ சொல்லிப் பாத்திருக்காவ.

அப்படி இருக்கையிலதான் ஒருநா ஒரு கதண்டு வந்துச்சு.

கதண்டு தெரியாதா? மதுரப் பக்கம் என்ன சொல்லுவிய? பெரிய குளவிக்கா. மேலு எல்லாம் கறுப்பு, கொட்டுச்சுன்னா காய்ச்சலே வந்துரும். போன வருசம் ஆனி மாசம், சாரல் தொடங்கப் போற நேரம். அந்தப் பேட்ச்சுல ஞானபாக்கியம்னு ஒரு டீச்சர் வந்திருந்தாவ, நாசரேத்துலருந்து. ரிட்டயர் ஆகுத வயசு. பிள்ளைகளக் கட்டிக்குடுத்தாச்சு, இனி எனக்குப் பிடிச்சதச் செய்வேன்னு வந்தவிய. வயசுப் பிள்ளைக எல்லாம் தெணறிக்கிட்டு நிக்கி, டீச்சர் பாட்டுக்கு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு சொல்லிக்கிட்டே உச்சிக்கு ஏறிட்டாவ. ஒரே கைதட்டு. எறக்குங்க தம்பின்னுட்டு, சாஞ்சு ஒக்காந்து காலத் தூக்கிட்டாவ. மொத்தப் பாரமும் கயித்துல. எங்க வீட்டுக்காரவிய கீழ நின்னு விட்டு விட்டு எறக்குதாவ. பாதிக்கு மேல எறங்கியாச்சு. எங்கருந்துதான் வந்துச்சோ அந்தச் சனியன், வந்து இவிய கண்ணுமடல்ல கொட்டிட்டு.

கை தன்னால போவும்லாக்கா. ஒங்களுக்கோ எனக்கோ போவாதா? போயிட்டு. ஒரு இமைப்பொழுதுதான். கயிறு சர்ருன்னு ஓடிட்டு. டீச்சர் மேலருந்து வாராவ. இவிய கண்ணு தெரியாம, ரெண்டு கையாலயும் எட்டிக் கயித்தப் பிடிச்சாவ பாருங்க, உள்ளங்கையில தோலு மொத்தமும் உரிஞ்சு போச்சு. ஆனா நின்னுட்டு. டீச்சர் காலு தரையத் தொடப்போற நேரத்துக்கு நின்னுட்டு.

இல்லக்கா, ஒண்ணும் ஆகல. ஒரு கீறல் கெடையாது. அதுதான் வேடிக்கை. டீச்சர் என்ன நெனச்சாவ தெரியுமா? அதுவும் கோர்ஸ்ல ஒரு பகுதின்னு நெனச்சுட்டாவ! அம்மாடி, ராட்டினம் கணக்கா இருந்துச்சே, இன்னொரு தடவ போடுங்க தம்பின்னு சிரிக்காவ. சுத்தி நின்னவங்களும் கை தட்டுதாங்க. முஃபீது ஒருத்தனுக்குத்தான் என்ன நடந்துச்சுன்னு தெரியும். அவன் மூஞ்சி வெளிறிப் போச்சாம்.

அப்படியே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப் போறதில்ல. ஆனா இவிய வீங்குன கண்ணோட டீச்சர் முன்னால போயி நின்னு, அது பாடம் இல்ல டீச்சர், நான் கைய விட்டுட்டேன்னுருக்காவ. எல்லாரு முன்னாலயும். டீச்சர், பிடிச்சதும் நீங்கதான தம்பின்னு சொல்லி, கையப் பிடிச்சு அவியளே மருந்து போட்டு கட்டு கட்டிவிட்டாவ. இப்பவும் மக்ரூன் வாங்கி அனுப்புவாவ. அடுத்த கோர்ஸுக்கும் வந்து படிச்சுட்டுப் போயிட்டாவ. அவியளுக்கு ஒரு கொறையும் இல்ல.

கொறை எல்லாம் எங்க வீட்டுல. கை ஆறிட்டுக்கா. தோலு புதுசா வந்துட்டு. மனசுதான் ஆறல. சாரல் முடிஞ்சு, ஐப்பசி மழையும் முடிஞ்சு, பாறை காஞ்சு, திரும்ப ஆளுக வர ஆரம்பிச்சாச்சு. இவிய தெனமும் வெள்ளன எந்திச்சுப் போறாவ, எல்லா வேலையும் பாக்காவ. கயிறு அலசுதாவ, முடிச்சு போடச் சொல்லிக்குடுக்காவ, தண்ணி கேன் தூக்கிட்டு வாராவ, காட்டுக்குள்ள ஆளுகளக் கூட்டிட்டு நடக்காவ. பாறைக்குக் கீழ நின்னு கயித்தப் பிடிங்கன்னா மட்டும், நீ பிடி முஃபீதுன்னு நகண்டுருதாவ. ஒரு தடவ அவன் கட்டாயப்படுத்தி கையில குடுத்திருக்கான். ஏறுதவன் காலத் தூக்கி வைக்கவே இல்ல, அதுக்குள்ள இவிய கயித்த அவன் கையிலயே திணிச்சுட்டு, ஓரமாப் போயி வாந்தி எடுத்துட்டாவ. பொறவு முஃபீது கேக்கவே இல்ல. ஆரியங்காவுலருந்து ஒரு சேட்டனச் சம்பளத்துக்கு வச்சுக்கிட்டான்.

வீட்டுலயும் அப்படித்தான். மகளப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போவும்போது ரோடு கடக்கணும்லா. ஒருநா பிள்ள வந்து, அப்பா கையப் பிடிச்சா வலிக்கும்மா, நீயே கொண்டு விடுன்னு சொன்னா. பாத்தா பிஞ்சு வெரலு எல்லாம் செவந்து கெடக்கு. நான் எண்ணெய் தடவி விட்டேன். அவிய பாத்துட்டாவ. மறுநாளுலருந்து, எனக்குச் சோலி கெடக்கு நீ கூட்டிட்டுப் போன்னுட்டாவ.

என்ன ஸ்டாப்பு இது? செங்கோட்டையா. எறங்கட்டும் எறங்கட்டும். இந்தா, இப்ப காத்து வருதுல்லா? நான் சொன்னேன்ல.

எங்க விட்டேன்? ஆங். போன மாசம் பைய ஒரு பேச்ச எடுத்தாவ. பழைய கம்பெனியில திரும்பக் கூப்பிடுதாங்க, ஷார்ஜாவுக்கே போயிருதேன்னு. எனக்குப் பொசுக்குன்னு ஆயிட்டு. மலை மலைன்னு கெடந்த மனுசன். ஏன் போறியன்னேன். அங்கன என் உசுர மட்டும் நான் பிடிச்சாப் போதும் செல்வி, அடுத்தவ உசுரு என் கையில இருக்காதுன்னாவ.

எனக்கு அழுகையா வந்துச்சு. அடுப்புல பால் பொங்குதுன்னு எந்திச்சுப் போயிட்டேன். பாலே வைக்கல.

இல்லக்கா, கோயிலுக்கும் போயாச்சு, மந்திரிச்சும் பாத்தாச்சு. டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போனேன். நல்ல டாக்டரு, பொறுமையாப் பேசுனாரு. கொஞ்சம் கொஞ்சமாப் பழகுங்க, நெருக்கமானவங்க யாராவது கூட இருந்தா நல்லதுன்னாரு. இவிய தலைய ஆட்டிட்டு வந்துட்டாவ. அடுத்த தடவ கூப்பிட்டா, வண்டி பங்ச்சருன்னாவ.

ஆனா அக்கா, நான் பாக்குத வேல அப்படி. சொல்லலையோ ஒங்ககிட்ட? தென்காசியில டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டச் சொல்லிக்குடுக்கேன். பொம்பளைங்களுக்கு எல்லாம் நான்தான். ஆமா, நானேதான். ஏன், ஓட்டுத மூஞ்சி மாதிரித் தெரியலையா? பள்ளிக்கூடம் நடத்துத குடும்பம் பாத்துக்கிடுங்க, அவிய பாறையில, நான் ரோட்டுல. எங்ககிட்ட வாரவங்கள்ல ஒரு கூட்டம் உண்டு, நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்க. எங்கயாவது ஒரு ஆட்டு மேல இடிச்சிருப்பாங்க, செவுத்துல ஒரசியிருப்பாங்க, அதோட சாவியத் தொடமாட்டாங்க. அவங்களுக்கு நான் புதுசா எதுவும் சொல்லிக்குடுக்க முடியாது. எல்லாம் தெரியும். அவங்களப் பக்கத்துல ஒக்காந்து ஓட்ட வைக்கணும், அம்புட்டுதான். அதுவும் யாரோ ஒரு ஆளு பக்கத்துல இருந்தா, இன்னைக்கு வேண்டாம் மேடம்னு எறங்கி ஓடிருவாங்க. ஒரு அம்மா அப்படித்தான் ஒரு மாசமா என்ன ஏமாத்திக்கிட்டு இருந்தாவ. நான் ஒருநா அவிய மகள, பிரசவத்துக்கு வந்திருக்கிற பிள்ளைய, பின்னாடி சீட்டுல ஏத்தி ஒக்கார வச்சுட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகணும், நான் ஓட்டமாட்டேன், எனக்குக் கை சுளுக்குன்னுட்டேன். அந்த அம்மா ஒரு நிமிசம் என்னைய மொறச்சாவ. பொறவு வேற யாருகிட்டயும் சாவியக் குடுக்க மனசு வராம, தானே எடுத்து ஒக்காந்தாவ. பூ மேல ஓட்டுத மாதிரி ஓட்டுனாவக்கா.

அத நெனச்சுக்கிட்டேதான் போன வாரம் முஃபீதப் பாக்கப் போனேன். கடையநல்லூருக்கே போயி, அவன் வீட்டுல ஒக்காந்து பேசுனேன். மைனி, நீங்க சொல்லுதது சரியா வருமான்னு முழிச்சான். சரியா வரலேன்னா என்ன நஷ்டம், டிக்கெட்டு போட்டு ஷார்ஜாவுக்கு அனுப்பிருவோம்னேன். அவனுக்கும் கண்ணு கலங்கிட்டு. எங்க அண்ணாச்சி இல்லாம அந்தப் பாறைய நான் என்ன செய்யன்னுட்டு, சரின்னுட்டான்.

என் ஸ்டாப்பு கிட்ட வந்துட்டா? அண்ணே, கண்டக்டரண்ணே, தோப்பு ஸ்டாப்புல ஒரு எறக்கம் இருக்கு, மறந்துறாதிய.

முஃபீதுகிட்ட என்ன யோசனை சொன்னேன்னா கேக்கிய? அது ஒண்ணும் பெருசில்லக்கா. இன்னைக்குப் புதுப் பேட்ச்சு தொடங்குது. பாறை ஏறத் தெரியாதவங்களுக்கு. அதுல ஒரு ஆளு நானு. ஆமா. பேரு குடுத்தாச்சு. சேட்டனுக்கு இன்னைக்கு லீவு, முஃபீது குடுத்த லீவுதான். முஃபீது வேற ஒருத்தருக்குக் கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். கடைசியா நான் ஒருத்தி பாக்கி இருப்பேன், இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு. அவியளுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. ஸ்கூட்டியில வந்திருந்தா சத்தத்த வச்சே கண்டுபிடிச்சிருப்பாவ, அதான் பஸ்ஸுல வாரேன்.

பயமா? என்னக்கா இப்படிக் கேட்டுட்டிய. எங்க வீட்டுல ஸ்டூல் போட்டு பல்பு மாட்டணும்னா பக்கத்து வீட்டுக்காரியக் கூப்பிடுதவ நான். மாடிப்படி எறங்கும்போது செவுத்தப் பிடிச்சுக்கிட்டு எறங்குவேன். காலையிலருந்து மூணு இட்லி எடுத்து வச்சு, ஒண்ணுகூட உள்ள போகல. இம்புட்டு நேரம் ஒங்கள ஒக்கார வச்சுப் பேசிக்கிட்டு வாரேனே, எதுக்குன்னு நெனக்கிய? வாய மூடுனா பஸ்ஸ விட்டு எறங்கி தென்காசிக்கே திரும்பிருவேன்.

பிடிக்கமாட்டேன்னு சொல்லிட்டாவன்னாவா? யாரோ ஒரு ஆளுன்னா சொல்லுவாவ. வேற ஒருத்தரு பிடிப்பாரு சார்னு நகண்டுருவாவ. என் கயித்த இன்னொருத்தன் கையில குடுக்க மனசு வருமாக்கா அவியளுக்கு? வராது. பதிமூணு வருசமாப் பாக்கேன்ல.

அப்ப எந்திக்கேன். கொஞ்சம் காலத் தள்ளிக்கிடுங்க. பாத்துப் போங்க, அக்கா வீட்டுல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க. யாருன்னு கேட்டா பஸ்ஸுல வந்த ஒரு கோட்டிக்காரின்னு சொல்லுங்க.

அந்தா பாருங்க, டீக்கடையில தண்ணி கேனோட நிக்காவல்லா, நீலச் சட்டை, அவியதான். பாத்துட்டாவ. கைய ஆட்டுதாவ. சிரிப்பப் பாருங்களேன். பாவம், நான் சோறு கொண்டாந்திருக்கேன்னு நெனச்சுக்கிட்டு வாராவ.